வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பி

என் செல்லக் குட்டிக்கு,

அப்பாவும் நானும் நலம், நீ நலமா, மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா. இந்த முறை என் நலத்தைக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. பதறாதே, கையெழுத்தைப் பார், கோணாமல்தான் இருக்கிறது.

போன மாதம் மேமோகிராம் என்று மார்பைப் படம் எடுத்ததில் இடது பக்கம் மிளகளவுக்கு ஏதோ தெரிகிறது என்றார்கள். எவ்வளவு தடவியும் என் கைக்கு அகப்படவில்லை. ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தும் சந்தேகம் தீராமல், வெட்டி எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஊரில் பாதிப் பெண்களுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தவள், சொந்த மார்பில் இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன், இதில் கைராசிக்காரி என்று பெயர் வேறு.

கைக்கு அகப்படாததை அறுவை டாக்டர் எப்படித் தேடுவார்? அதற்காக அறுவை நாளன்று காலையில் படம் எடுக்கும் அறையில் மரத்துப்போக மருந்து போட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே முடி மாதிரி ஒரு கம்பியை அந்த இடம் வரை செலுத்தினார்கள். நுனி உள்ளே, மிச்சம் வெளியே. அதன் வழியே போய்த்தான் வெட்டுவார்களாம். துணியில் நாம் குண்டூசி குத்தி அடையாளம் வைப்பதில்லையா, அதேதான். இவ்வளவு புரிந்த பிறகும் என் புத்தி போன போக்கைக் கேள். நடைவழியில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள், பயத்தில் கை சும்மா இருக்கவில்லை, மேலே போட்டிருந்த துணிக்கட்டின் ஓரத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, பிசிறு நீட்டினால் எனக்குப் பொறுக்காது என்று உனக்குத் தெரியுமே. நர்ஸிடம், ஏம்மா ஒரு கத்தரி இருந்தா குடு, இதை மட்டும் நறுக்கி விட்டுடறேன் என்று கேட்டுவிட்டேன். அவள் போட்ட சத்தத்தில் அப்பா டீயைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டார். ஐயோ அம்மா, அதை வெட்டிட்டா டாக்டர் எதைப் பாத்து உள்ள போவாரு, கையை மடியில வைங்க என்றாள். அதற்குப் பிறகு என் இரண்டு கையையும் அப்பா பிடித்துக்கொண்டார், திருடியைப் பிடித்த மாதிரி. நான் சிரித்தேன், ஆனால் அவர் விட்டுவிடுவாரோ என்று இருந்தது. அவ்வளவு பயம் குட்டி.

எடுத்த துண்டையும் படம் பிடித்து, மிளகு அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தைத்தார்களாம். முடிவு நேற்று வந்தது. புற்றுதான். ஆனால் ஆரம்ப நிலை, பரவவில்லை, சுற்றிலும் இடம் விட்டு வெட்டியதில் ஓரமெல்லாம் சுத்தம். இனிக் கொஞ்ச நாள் கதிர் சிகிச்சை, அவ்வளவே. தையலைக் கண்ணாடியில் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, எனக்கு அது ஒன்றுதான் வருத்தம்.

உங்க பொண்ணு படம் எடுத்துட்டாங்களா என்று டாக்டர் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். உனக்கு நாற்பது தாண்டிவிட்டது, வேலை வேலை என்று தள்ளிப்போடுகிறாய், அது என்னிடமிருந்து வந்த குணம், யாரைத் திட்ட. தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதாதே, அதையேதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். சின்ன வயதில் அளவெடுக்க நிறுத்தினால் நெளிந்து நெளிந்து என் உயிரை வாங்குவாய். அந்த இயந்திரத்தின் முன்னால் மட்டும், அம்மா அளவெடுக்கிறேன் என்று நினைத்து, அசையாமல் நில்லு கண்ணு.

கத்தரி கிடைக்காமல் கையை அப்பாவிடம் பறிகொடுத்த,
உன் அம்மா