ஒலிநாடாவில் உங்கள் ‘ம்’

நேற்று மதியம் கல்லூரியின் கணினிப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். நம் பழைய ஒலிநாடாக்களையெல்லாம் கணினியில் ஏற்றுகிறார்களாம். போனேன். அந்த வேலையைப் பார்க்கும் பெண் ஒரு கேசட்டை ஓடவிட்டு ஹெட்போனை என்னிடம் நீட்டினார். “நடுவுல யாரோ ம் கொட்டிட்டே இருக்காங்க மேடம். அதை மட்டும் அழிச்சு உட்டுரட்டுங்களா? கேக்கறக்குச் சுத்தமா இருக்கும்” என்றார்.

வாங்கி மாட்டினேன். “ம்ங்க” என்றீர்கள். நீங்கள் போய் இத்தனை வருடம் கழித்து, என் காதுக்குள்ளேயே. ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் கோவையில் நாம் இருவரும் சேர்ந்து நடத்திய பயிற்சியின் நாடா அது. வந்தவர்கள் எல்லாரும் கலை வரலாறு படித்தவர்கள், அருங்காட்சியகக் காப்பாளர்களும் கல்லூரி ஆசிரியர்களும். சிலையைப் பார்த்ததும் எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சிலைக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவரிடம் என்ன கேட்பது என்றால் விழிப்பார்கள். வாய்மொழி வரலாறு எடுக்க அவர்களைப் பழக்குவது நம் வேலை. நமக்கு வந்த கையேட்டில் முதல் விதியே, கேட்பவர் குரல் நாடாவில் விழக்கூடாது, தலையை மட்டும் அசைக்க வேண்டும் என்பதுதான். நான் விதி என்றால் விதி என்பவள். பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப்போட்டேன். நீங்கள் பின்வரிசையில் இருந்து சிரித்தீர்கள். “அம்மணி, நம்ம பக்கம் ம் கொட்டாட்டி யாரு பேசுவாங்க?”

செய்முறைக்குத் தாராபுரம் பக்கம் ஒரு கோயில் மண்டபத்துக்குப் போனோம். அதன் சுவரோவியங்கள் மேல் என்றைக்கோ வெள்ளையடித்துவிட்டார்கள். உள்ளே என்ன படம் இருந்தது என்று சொல்ல, வெள்ளையடித்தவர் ஒருவர்தான் மிச்சம். பயிற்சிக்கு வந்த ஆசிரியர் ஒருவர் அவர் எதிரே உட்கார்ந்து, நான் சொன்னபடி வாயைத் திறக்காமல் தலையாட்டினார். பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டிருந்தது, தலையாட்டுவது தெரியவில்லை. இரண்டு வார்த்தை பேசிவிட்டு நின்றுபோனார். நாடா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க, எம்மேல கோவமுங்களா?”

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் கோபத்தை அவராகவே இத்தனை காலம் எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நீங்கள் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ம்ங்க, சொல்லுங்க” என்றீர்கள்.

“ஈரத்துல சுண்ணாம்பு மறைக்காதுங்க. மொதப் பூச்சு பூசறேன், அந்தப் பொம்பளப் படத்தோட கண்ணு என்னையே பாக்குதுங்க.”

“ம்ங்க.”

“மறுக்கா பூசிப்போட்டேனுங்க. அது இன்னும் பாத்துட்டேதான் இருக்குது.”

“ம்ங்க.”

திரும்பி வரும்போது நாடாவைக் கெடுத்துவிட்டீர்கள் என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி உங்களோடு சண்டை போட்டேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மறுநாள் வகுப்புக்குப் போனால், பலகையில் என் விதி இல்லை. அதே கொட்டை எழுத்தில் ‘ம் கொட்டவும்’ என்று இருந்தது.

அதன்பிறகு எத்தனையோ பேரிடம் போய் உட்கார்ந்தோம். உங்கள் கதையை மட்டும் எடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் “என்ற கதைல என்னங்க இருக்குது” என்று தட்டிக்கழித்தீர்கள். அதனால் அந்த நாடாக்களில் இருப்பதெல்லாம் அடுத்தவர் வாழ்க்கைதான். உங்களுடையது என்று இருப்பது அந்த ‘ம்’ மட்டும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உங்களுக்குப் பேச்சில்லை. கண்ணை மூடிப் படுத்திருந்தீர்கள். நான் ஏதேதோ சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் மெல்ல ம் கொட்டினீர்கள். “அந்த மண்டபத்துச் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள், உள்ளே...” என்று ஆரம்பித்தேன். ம் வரவில்லை. நானும் அந்தப் பெரியவரைப் போலவே பாதிப் பேச்சில் நின்றுவிட்டேன்.

இப்போதும் வீட்டில் தனியாக இருக்கும்போது எதையாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறேன். பழக்கம் போகவில்லை. ஒருநாள் நிஜமாகவே பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருக்கிறது.

அழிக்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். யார் குரல் என்று கேட்டார், சொன்னேன். அவர் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு வெளியே போனார். கேசட்டில் பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில், ஆஸ்பத்திரியில் விட்டதை நான் சொல்லி முடித்தேன்.

“உள்ள அந்தக் கண்ணு அப்படியே இருக்குதாமுங்க.”

“ம்ங்க” என்றீர்கள்.