இடப்பக்கத்து விளக்கு

அப்பா,

டிரோம்சோவில் காலையிலிருந்து பனி கொட்டுகிறது. ஆஸ்பத்திரிக் காபி வாயில் வைக்க முடியவில்லை.

பின்மண்டையில் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்க, நடுவில் உள்ள சிவப்புப் புள்ளியையே பார்க்க வேண்டும். கண் பார்ப்பது மூளைக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்று மெஷின் அளக்கும். முதலில் இடது கண்ணை மூடிப் பார்த்தார்கள், பிறகு வலது கண்ணை மூடி இடது கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னார்கள்.

"புள்ளியை ஏங்க மாத்தினீங்க? சாயம் போன மாதிரி இருக்கே" என்று கேட்டேன்.

"நான் எதையும் தொடலம்மா" என்றாள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த ராக்னில்ட்.

டாக்டர் சொன்னதை நேரில் சொல்கிறேன். இந்த சீசனுக்கு, நம் படகில் கூட வரும் ஐவின்ட் என் இடத்தில் சுக்கான் பிடிக்கட்டும். "என் மகள மாதிரி ஓட்டுவியாடா"ன்னு அவனை வம்புக்கு இழுக்காதீர்கள்.

போன மாதம் இடது ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, படகின் இடப்பக்கச் சிவப்பு விளக்கு வெளுத்துவிட்டது என்றேன். அந்தக் குளிரில் ஏறிக் கழற்றினீர்கள். விற்ற கடைக்காரனையும் திட்டித் தீர்த்தீர்கள்.

அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அப்பா. அது நல்ல விளக்குதான்.

உங்கள் மகள்