மாரீஸ்வரியின் மூன்று சூரியன்கள்

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்தே காற்று. ஆடி பிறக்க இன்னும் நாலு நாள், அதற்குள் இந்த ஆட்டம். காயப்போட்ட துணியெல்லாம் புழுதி. திரும்ப அலசினேன். உளுந்து ஊறப்போடணும். பிளஸ் டூ தாள் இருபது பாக்கி.

மார்க்கெட்டில் மாரீஸ்வரியின் அம்மா. கத்தரிக்காய்க்காரியிடம் பேச்சு. "எம்மக பெங்களூர்ல இருந்துக்கிட்டே ஒரு பூமியக் கண்டுபிடிச்சிருக்கா. அங்க மூணு சூரியனாம்."

"இங்க ஒண்ணுக்கே காய் வதங்குது" என்றாள் கத்தரிக்காய்க்காரி. எனக்குச் சிரிப்பு. அடக்கிக்கொண்டேன்.

ஆறாவதிலிருந்து எம்.எஸ்ஸி. வரை மாரீஸும் நானும் ஒரே பெஞ்சு. ஆராய்ச்சிக்கான நுழைவுத்தேர்வை இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம். முதல் தடவையே தேறியது நான். அவள் அடுத்த வருஷம்தான். நான் தேறிய மாதம் எனக்குப் பரிசம் போட்டார்கள். இன்றைக்கு நான் திருச்சுழி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர், அவள் பூமி கண்டுபிடிக்கிறாள். வயிறு எரிகிறது. வேறு என்னவென்று எழுத.

சாயங்காலம் அவளே போனில் அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு ஸ்லைடு, கூடவே ஆராய்ச்சிக் கட்டுரை. அடுத்த வாரம் இங்கே மண்டபத்தில் பேசுகிறாளாம், ஸ்லைடைத் தமிழில் போட்டுத் தர வேண்டுமாம். "ஒந்தமிழ்தாண்டி நல்லாருக்கும். முடிஞ்சா கட்டுரையவும் ஒருக்கா படிச்சிரு. வியாழக்கிழம சாயங்காலம் பத்திரிகைக்கு அனுப்பப் போறேன்."

அவளுக்குப் பூமி, எனக்கு மொழிபெயர்ப்பு.

ஜூலை 14, திங்கள்

7.40 பஸ். ஜன்னல் சீட்டு. திருச்சுழி வரை அவள் ஸ்லைடு.

சங்கதி இதுதான். மூன்று நட்சத்திரம் ஒன்றை ஒன்று சுற்றுகிற குடும்பம். முதலாவது தனியாக, மற்ற இரண்டும் ஜோடியாகக் கொஞ்சம் தள்ளி. முதலாவதை ஒரு கோள் சுற்றுகிறது. கோளைக் கண்ணால் பார்க்க முடியாது. அது நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது வெளிச்சம் துளி குறையும். எவ்வளவு குறைகிறதோ அதை வைத்துக் கோளின் பருமன். பூமியைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்று கணக்கு வந்திருக்கிறது. ஆகவே பாறை. நிற்கத் தரை உண்டு.

ஸ்லைடு 4-இல் மூன்று சூரியனும் ஒன்றாக உதிக்கிற படம். அழகு. அதுதான் தாங்கவில்லை. சுமாராக இருந்திருந்தால் எனக்கு நிம்மதி.

ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சர் எட்டிப் பார்த்தார். "இவுக ஒங்க கூடப் படிச்சவுகளா? நீங்க ஏன் டீச்சர் போகல?" தாள் திருத்தணும் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஸ்லைடு 7 தமிழில் வரவே மாட்டேன் என்றது. பக்கத்து நட்சத்திர வெளிச்சம் கலந்தால் அளவு எப்படித் தப்பும் என்பதைப் பாமரருக்குச் சொல்ல வேண்டும். செய்து பார்த்தால்தான் எனக்கு வார்த்தை வரும்.

ஆறு மணி. முன்னறையில் இரண்டு பல்பு, போனில் வெளிச்சம் அளக்கிற ஆப், ஒரு எலுமிச்சம்பழம். ஒரு பல்பு மட்டும் எரியும்போது பழத்தைக் குறுக்கே நகர்த்தினால் வெளிச்சம் நன்றாகவே குறைகிறது. பக்கத்து பல்பையும் போட்டால், பழம் அதேதான், மொத்த வெளிச்சத்தில் குறைகிற பங்கு மட்டும் கொஞ்சூண்டு. அளவை மட்டும் பார்க்கிறவன் பழத்தைச் சுண்டைக்காய் என்பான்.

வீட்டுக்காரர் தறி ரிப்பேர் முடித்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன, எலுமிச்சம்பழத்த வச்சு யாருக்குச் செய்வினை?"

"மாரீசுக்கு" என்றேன், விளையாட்டாக.

பிறகு கட்டுரையைத் திறந்தேன். 7-ஆம் பக்கம், இரண்டாம் அட்டவணை. தொலைநோக்கியில் மூன்றும் ஒரே புள்ளிதான், மற்ற இரண்டின் வெளிச்சத்தையும் கழித்தாக வேண்டும். ஜோடி நட்சத்திரங்களை ஒரே வரியில் போட்டிருக்கிறாள். அந்த வரியில் ஒன்றின் வெளிச்சம்தான் இருக்கிறது. மூன்றாவதை விட்டுவிட்டாள்.

அதையும் சேர்த்து இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோள் பெருத்துவிடுகிறது. அந்தப் பருமனுக்குப் பாறை என்று அடித்துச் சொல்ல முடியாது. அநேகமாக மேலே கனத்த வாயு, கீழே கால் வைக்கத் தரையே இல்லை.

சந்தோஷம். யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். சந்தோஷம். ராத்திரி மூன்று தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

ஜூலை 16, புதன்

சொல்லவில்லை. காரணங்கள்:
என் கணக்கு தப்பாக இருக்கலாம். (இல்லை. காலையில் மூன்றாம் தடவையும் போட்டுவிட்டேன்.)
அவளோடு கட்டுரையில் இன்னும் ஐந்து பேர். அவர்கள் பார்க்க மாட்டார்களா?
பள்ளிக்கூட டீச்சர் சொல்லி அவள் கேட்கவா போகிறாள்.

மதியம் அவளே கூப்பிட்டாள். "படிச்சியாடி?"

"ஸ்லைடு மட்டுந்தான். கட்டுரைய இன்னும் தொறக்கவே இல்ல."

"சரி விடு. இங்க ஒருத்தரும் படிக்க மாட்டேங்குறாக. பேர மட்டும் போடுன்னு நிக்கிறாக. நீ படிச்சா நல்லாருக்கும்னு நெனச்சேன், அம்புட்டுதான்."

போனை வைத்த பிறகு ஒரே தாளுக்கு இரண்டு தடவை மார்க் கூட்டினேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் விடியலிலிருந்து. பஸ்ஸில் கூட்டம், நின்றுகொண்டே போனேன்.

மூன்றாவது பீரியடில் செய்தி டைப் செய்தேன். அழித்தேன். சாப்பாட்டு நேரத்தில் திரும்ப. அழித்தேன். நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் 'மாரீஸ், ஒரு விஷயம்' வரைக்கும். பஸ் வந்துவிட்டது. பஸ் ஒரு சாக்கு.

6.10-க்கு அவள் செய்தி. அனுப்பியாயிற்றாம்.

வாழ்த்துகள் என்று போட்டேன். கூடவே கைதட்டுகிற பொம்மை. என் மேலேயே அருவருப்பு.

ஜூலை 19, சனி

லீவு. தண்ணி வந்தது. குடம் நிரப்பி முடிக்கையில் மாரீஸின் அம்மா, கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம்.

"தாயி, ஒனக்குத்தான் மொதல்ல. நீதான் தமிழ்ல எழுதிக் குடுக்குறியாமே. அப்பத்தான எனக்கே வெளங்கும்." மண்டபத்து வாசலில் வைக்க பேனர் அடிக்கக் கொடுத்திருக்கிறார்களாம். போனில் காட்டினார். மாரீஸ் போட்டோ, பக்கத்தில் மூன்று சூரியன், கீழே பாறை நிலம். தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாராம். முன் வரிசையில் உட்கார புதுச் சேலை எடுத்திருக்கிறாராம்.

அவர் போனதும் மிட்டாயைத் தொட முடியவில்லை. மாரீஸை போனில் கூப்பிட்டுவிட்டேன். பக்கம், அட்டவணை, விட்டுப்போன நட்சத்திரம், எல்லாம் ஒரே மூச்சில்.

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுகிற சத்தம். ரொம்ப நேரம்.

"ஆமாடி" என்றாள். பிறகு, "அப்பப் பாறை இல்ல."

"இல்லாம இருக்கலாம்."

"திரும்ப வாங்கிக்கிறேன். இன்னைக்கே லெட்டர் போடுறேன். முன்னாடியே சிக்கியிருந்தா அனுப்பாமலே திருத்தியிருக்கலாம். இப்பத் தலைகுனிவுதான். அம்மாட்ட எப்படிச் சொல்ல..." மூக்கைச் சிந்தினாள். "ஒன்னச் சொல்லலடி. ஒனக்கு ஸ்கூலு, வீடு. நாந்தான் கடைசி நேரத்துல அனுப்புனேன். எப்பப் பாத்த, இன்னைக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். "ஆறு பேரு பாக்காததப் பாத்திருக்க. திருத்துனதுல ஒம்பேரும் வரணும். கணக்கு ஒன்னோடதுதான. சொல்லு, என்ன இனிஷியல் போட? அப்பா இனிஷியலா, இப்ப உள்ளதா?"

செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டேன் என்று சொல்ல நேரம் இருந்தது. அவள் பேனாவோடு காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்பா இனிஷியல் என்றேன்.