சக்கரமெல்லாம் ஒரே டப்பாவில்

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய தங்கவேலு,

இறந்துபோனவனைத் திட்டக் கூடாதாம். நான் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு மாதமாக உன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பல்லைக் கடிக்கிறேன். என் வீட்டுக்காரி மேரிக்கே சலித்துவிட்டது. "எங்கிட்ட சொல்றதை எல்லாம் அவருக்கே ஒரு கடுதாசியா எழுதிடுங்க, எனக்காவது நிம்மதி" என்றாள் நேற்று. அதனால் எழுதுகிறேன்.

உன் ஐந்து பிளாஸ்டிக் விமானங்கள்தான் விஷயம், வேறென்ன. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்? கேட்டாயா? "பசை காயிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா? அந்த நேரத்துல இன்னொண்ணைப் பார்க்கலாம்ல" என்பாய். இன்னொன்று மூன்றாகி, மூன்று ஐந்தாகி, ஒன்றரை வருஷத்தில் ஒன்றுகூடத் தன் காலில் நிற்கவில்லை.

என் தங்கை வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும். கொழும்பிலே கடையில் வேலை பார்க்கிற மனிதர், ஊருக்கு வரும்போது துணிமணி கொண்டுவந்தோமா என்று இருக்காமல் இந்தப் பைகளைக் கொண்டுவந்தார். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு விமானம், துண்டு துண்டாக ஒரு பைக்குள். நாற்பது வயதைத் தாண்டிய ஸ்டோர் கிளார்க்குகள் இரண்டு பேர் அதைப் பார்த்து வாயைப் பிளந்தோம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சிரிக்காதவர் யார்? "என்னா சார், ரெண்டு பேரும் பைலட்டா போறீங்களாமே?" என்று கேன்டீனில்கூடக் கேட்டார்கள். நீ அதற்கும் சிரித்துக்கொண்டு "பார்சல் பிளேன்தான் கெடச்சுது" என்றாய். உனக்குக் கோபமே வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டாக வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் பாலக்கரையிலிருந்து சைக்கிளை மிதித்துக் காவேரிப் பாலம் தாண்டி, அம்மாமண்டபம் ரோட்டில் உன் மாடிக்கு வந்துவிடுவேன். உன் சரசு காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணே, இன்னைக்காவது ஒண்ணு பறக்குமா?" என்பாள். நீ "அடுத்த வாரம்" என்பாய். அந்த அடுத்த வாரத்துக்குப் பயந்தே எனக்கு ஞாயிறு பிடிக்காமல் போனது.

இப்போது உன் மேல் இருக்கிற பெரிய கோபத்துக்கு வருகிறேன். அந்தத் துண்டுகளெல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டுதான் வரும். எண் இருப்பது சட்டத்தில், துண்டுக்குப் பக்கத்தில், துண்டில் இருக்காது. கூட வரும் தாளில் பதினாலைப் பதினைந்தோடு ஒட்டு என்று போட்டிருக்கும். ஆகவே எந்தத் துண்டு வேண்டுமோ அதை மட்டும் அந்த நேரத்தில் வெட்டி எடுக்க வேண்டும். இது உலகத்தில் எல்லோருக்கும் புரியும், ஸ்டோர் கிளார்க்குகளைத் தவிர.

நீ என்ன செய்தாய்? ஐந்து விமானத்தின் துண்டுகளையும் ஒரே நாளில் வெட்டிக் குவித்தாய். பிறகு ஸ்டோர் வழக்கப்படி இனம் பிரித்தாய். சக்கரமெல்லாம் ஒரே டப்பாவில். காற்றாடியெல்லாம் இன்னொரு டப்பாவில். இறக்கை, வால், கண்ணாடி மூடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஸ்கட் டப்பா, மேலே உன் அழகான கையெழுத்தில் சீட்டு: "சக்கரம், பெரியது 8, சிறியது 4". ஸ்பிட்ஃபயர் சக்கரமும் ஹரிக்கேன் சக்கரமும் அந்த ஜெர்மன்காரன் விமானத்தின் சக்கரமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. சக்கரமே இல்லாத, தண்ணீரில் இறங்குகிற விமானம் ஒன்றுதான் தப்பித்தது.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. நானும்தான் பக்கத்தில் உட்கார்ந்து "என்ன நீட்டா இருக்குடா" என்றேன். பதினெட்டு வருஷம் நட்டைத் தனியாகவும் போல்ட்டைத் தனியாகவும் பிரித்து வைத்த புத்தி இரண்டு பேருக்கும். அதோடு விட்டோமா? எண் போட்ட சட்டங்களைக் குப்பை என்று வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தோம். பக்கத்து வீட்டு அய்யங்கார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாரே, "பெருமாளுக்குத் தளிகை ஆயிண்டிருக்கற நேரத்துல என்ன ஓய் இது நாத்தம்?" என்று. அவருக்குப் பதில் சொல்லும் அவசரத்தில், நாம் எரித்தது என்ன என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

அது உறைத்த ஞாயிற்றுக்கிழமைதான் நமக்குள் சண்டை. நான் டப்பாவை உன் முன்னால் கவிழ்த்து, "அஞ்சையும் தூக்கிக் காவேரியிலே போடு. நீ எதையும் முடிக்கிற ஆளில்லை" என்றேன். நீ உருண்டு ஓடிய சக்கரங்களைப் பொறுக்கி எண்ணிப் பார்த்துத் திரும்ப டப்பாவில் போட்டாய். நான் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்து சட்டை போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான். அந்த மூன்று நாளில் என்னை மன்னித்திருந்தாயா? ஸ்டோரில் திங்களும் செவ்வாயும் எதிரெதிரே உட்கார்ந்துதானே இருந்தோம், ஏன் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை?

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தொட்டியத்திலிருந்து உன் அப்பா வந்தார். அவர் வாழைத்தோட்டத்தைத் தவிர எதையும் பேசாத மனிதர் என்று நீ சொல்லியிருக்கிறாய். அன்று பேசினார். காலேஜைப் பாதியில் விட்டது, தோட்டத்துக்கு வந்து மோட்டார் போடுகிறேன் என்று குழி வெட்டிப் பாதியில் விட்டது, எல்லாவற்றையும் வந்தவர்களிடம் சொன்னார். கடைசியில் மேசை மேல் கிடந்த விமானங்களைக் காட்டி, "பாருங்க. எதையும் பாதியில விடுற பய. ஆயுசையும் பாதியில விட்டுட்டுப் போயிட்டான்" என்றார். கூடம் முழுக்க ஜனம். சரசு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கிளம்பும்போது அவள் படியில் வந்து நிறுத்தினாள். "அண்ணே, மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு மாமாவோட தொட்டியம் போறேன். இனிமே அங்கதான் இருக்கணும். தினம் இந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டு எப்படி இருக்கிறது? ஒண்ணே ஒண்ணை முழுசா பண்ணிக் குடுங்க. அவர் முடிச்சு வச்சதுன்னு மாமா கண்ணு முன்னாடி வைக்கணும்" என்றாள். நான் சரி என்றேன். நீ எதையும் முடிக்க மாட்டாய் என்று உன்னிடமே சொன்னவன் நான். வேறென்ன சொல்ல முடியும்?

மூன்று ஞாயிறு இருந்தது. டப்பாக்களையும் விமானங்களையும் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். உனக்குப் பிடித்தது டகோட்டா. கொழும்புக்குப் போகிற டகோட்டா தலைக்கு மேல் போனால் ஸ்டோரில் பேனாவைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடுவாயே. ஆனால் அது இறக்கை, வால் எதுவும் இல்லாமல் வெறும் வயிறாகக் கிடந்தது. ஹரிக்கேன்தான் பாதிக்கு மேல் வந்திருந்தது, உடம்பு மூடி ஒரு இறக்கை ஒட்டியிருந்தாய். அதையே எடுத்தேன்.

முதல் ஞாயிறு இன்னொரு இறக்கையைத் தேடுவதிலேயே போனது. டப்பாவில் இருந்த இறக்கை ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்தேன். எல்லாமே பொருந்துகிற மாதிரி இருக்கும், அழுத்தினால் ஒரு நூல் இடைவெளி விடும். இருட்டுகிற நேரத்தில்தான் ஒன்று படிந்தது. இரண்டாம் ஞாயிறு பசைக் குழாய் கல்லாகிக் கிடந்தது. மூடியைச் சரியாகப் போடு என்று உன்னிடம் சொல்லாத நாள் உண்டா? காலேஜ் லேபில் வேலை பார்க்கும் என் சகலையிடம் கெஞ்சி, பிளாஸ்டிக்கை இளக்குகிற ஏதோ ஒரு திரவம் சின்னக் குப்பியில் வாங்கி வந்தேன். கொஞ்சம் கூடப் பட்டதும் வால் நுனி வெல்லப் பாகாகக் குழைந்தது. அந்த விரலோடு கண்ணாடி மூடியைத் தொட்டேன், கண்புரை விழுந்த மாதிரி வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மேரி, "யாரைங்க திட்றீங்க?" என்றாள். உன்னைத்தான் என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள், சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

மூன்றாம் ஞாயிறு சக்கரம். பெரியது எட்டில் டகோட்டாவுடையது இரண்டும் இன்னும் பெரியவை, அவற்றைத் தள்ளிவிட்டேன். மிச்சம் ஆறு. மூன்று ஜோடி என்று பெயர்தானே தவிர என் கண்ணுக்கு ஆறும் ஒன்றுதான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, கடைசியில் பொறுமை போய் இரண்டை எடுத்து ஒட்டினேன். காய்ந்த பிறகு மேசையில் நிறுத்தினேன். நின்றது. லேசாகச் சாய்ந்து நின்றது. ஒரு சக்கரம் எள்ளளவு பெரிது. பிய்த்தால் காலும் சேர்ந்து வந்துவிடும். வண்ணம் பூசி, எப்படியோ முடிந்தது என்று வைத்தேன்.

மறுநாள் உன் அப்பா வந்தார். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கிவிட்டு ஊர் திரும்பும் லாரியில்தான் சரசுவின் சாமான்களை ஏற்றினார்கள். கட்டில், பீரோ எல்லாம் ஏறிய பிறகு நான் விமானத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். மற்ற நாலும் டப்பாக்களோடு என் சைக்கிள் கேரியரில் இருந்தன. சரசுவிடம் கொடுத்துவிடலாம் என்றுதான்.

"ஐயா, இது தங்கவேலு செஞ்சு முடிச்சது. எங்கிட்ட குடுத்து வச்சிருந்தான். அன்னைக்கு நீங்க சொன்னப்ப எனக்கு ஞாபகம் வரல" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். காதெல்லாம் சுட்டது.

அவர் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திருப்பி வயிற்றைப் பார்த்தார். லாரியின் பலகை மேல் நிறுத்திவிட்டு, சாய்ந்த மரத்துக்கு முட்டுக் கொடுக்கப் போகிறவர் போலக் குனிந்து பார்த்தார்.

"இது அவன் செஞ்சதில்ல, தம்பி" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"முடிஞ்சிருக்கே."

அவர் கோபமாகவும் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. தார் எத்தனை சீப்பு என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அவன் கை பட்டது எது? அதைக் குடுங்க" என்றார்.

நாலு விமானங்களையும் கொடுத்தேன். இறக்கையில்லாத டகோட்டா, ஒரு பக்கம் மட்டும் மூடிய ஜெர்மன் விமானம், எல்லாவற்றையும். லாரியில் கிடந்த வாழைச் சருகை அள்ளி, ஒவ்வொன்றையும் பச்சைக் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி அவரே சுற்றினார். டப்பாக்களின் மேல் இருந்த உன் எழுத்தை விரலால் தடவினார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நீ சொன்னதில்லையே. "இதுல என்ன எழுதியிருக்கான்?" என்று சரசுவைக் கேட்டார். அவள் "சக்கரம், பெரியது எட்டு" வரைக்கும்தான் படித்தாள். நீ போனதிலிருந்து அவள் வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்த ஹரிக்கேன் இப்போது என் மேசையில் இருக்கிறது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது. உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. மூன்று ஞாயிறு கண்ணைக் கெடுத்துக்கொண்டு, உன் கை பட்ட ஒன்றையும் உன் அப்பாவுக்கு இல்லாமல் செய்துவிட்டேனே என்றுதான் ஆற்றாமை. நீ இருந்தால் "போடா, நீயாவது முடிச்சியே" என்று சிரித்திருப்பாய். எனக்கு அந்தச் சிரிப்பின் மேலும் கோபம்தான்.

வேறு செய்தி என்ன? திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை வரப்போகிறதாம், சங்கிலி போட்டு நிலம் அளக்கிறார்கள். ஸ்டோரில் உன் நாற்காலியில் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், நல்லவர்தான். டகோட்டா சத்தம் கேட்டால் நான் மட்டும் எழுந்து போகிறேன். அவர் எதற்கு என்று கேட்டார், நான் சொல்லவில்லை.

முந்தாநாள் சரசு கார்டு போட்டிருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உன் அப்பா பாயை விரித்து டப்பாக்களைப் பிரித்து வைத்துக்கொள்கிறாராம். ஒரு வாலை எடுத்து ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் எண்ணித் திரும்பப் போட்டுவிடுகிறாராம். சீட்டில் எட்டு என்று படித்தாயே, சக்கரத்தில் இரண்டு குறைகிறதே, அந்தத் தம்பியைக் கேள் என்றாராம். பாதியில் விட்ட பயல் என்ற பேச்சை இப்போது யார் எடுத்தாலும் அவர் பதில் சொல்வதில்லையாம்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் தொட்டியம் பஸ்ஸில் ஏறுகிறேன். விமானத்தின் காலே உடைந்தாலும் பரவாயில்லை, அந்த இரண்டு சக்கரத்தையும் பிய்த்தெடுத்துக்கொண்டு போய் அவர் கையில் எண்ணிக் கொடுப்பேன். அவரோடு பாயில் உட்காருவேன், எதற்கு எது சேரும் என்று அவர் கேட்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். பசைக் குப்பியைக் கொண்டுபோக மாட்டேன், தங்கவேலு. இது சத்தியம்.

சரசுவுக்கு அண்ணன், அந்த உறவில் உனக்கு என்றைக்கும் மச்சான்,
அருளானந்து
பாலக்கரை