வணக்கம் சொல்லாத ஐந்து நிமிடம்

ஏப்ரல் 9, 2010, வெள்ளி

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததிலிருந்து தூங்கித் தூங்கி முகமே வீங்கிவிட்டது. இன்று பிரௌசிங் சென்டர் பொன்னுராஜ் அண்ணன் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். சிங்கப்பூரில் ஒரு தமிழ் அமைப்பு இளைஞர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. எல்லாமே இன்டர்நெட்டில். முதல் சுற்றுக்கு மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பினால் போதும். பஸ் ஏற வேண்டாம். தலைவர் வரும்வரை வெயிலில் உட்கார வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பேசிப் பேசி வாங்கிய டிபன் பாக்ஸ் மட்டும் ஒன்பது இருக்கிறது. எனக்கா சொல்லித்தர வேண்டும்?

ஏப்ரல் 12

பேசி அனுப்பியாயிற்று! சட்டைப் பொத்தான் அளவு கேமரா. ஆயிரம் பேர் இருப்பதுபோல இடமும் வலமும் திரும்பித் திரும்பிப் பேசியிருக்கிறேன். இருந்தது பொன்னுராஜ் அண்ணன் ஒருத்தர்தான். அவரும் வடை தின்றுகொண்டிருந்தார்.

ஏப்ரல் 24

தேர்வு! தேர்வு! தேர்வு! முன்னூறு பேரில் எட்டுப் பேர்!

நடுவர் எழுதியிருந்ததைத்தான் யாரிடமும் காட்ட முடியாது. 'உங்கள் பேச்சு ஒரு நிமிடம் நாற்பதாவது வினாடியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் நீங்கள் வணங்கியவர்கள் யாரும் இங்கே இல்லை.' எண்ணிப் பார்த்தேன். அவைத்தலைவர், நடுவர், ஆசிரியப் பெருமக்கள், பெற்றோர், விழாக்குழுவினர்... பதினொரு வணக்கம். இறுதிச் சுற்றில் நேரே விஷயத்துக்கு வரவேண்டுமாம். குரல் சன்னமாக இருக்கிறதாம், நல்ல மைக் வேண்டுமாம்.

அப்பாவிடம் சொன்னேன். சின்னமனூரில் கோயில் திருவிழா, மாதா திருநாள், கட்சிக் கூட்டம் எதுவானாலும் முப்பது வருஷமாக அமிர்தராஜ் சவுண்ட் சர்வீஸ்தான். அந்த அமிர்தராஜ் மகளுக்கு மைக் இல்லையா! அப்பா சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 26

மே 8, காலை பத்தரை. நேரலை, ஐந்து நிமிடம். தலைப்பு: வீட்டில் இன்னும் சொல்லாத ஒன்று.

எதைச் சொல்ல? மிக்ஸி ஜாரை உடைத்தது பூனையில்லை என்பதையா?

சரி, இங்கேயாவது உண்மையை எழுதுவோம். எனக்கு டீச்சர் டிரெய்னிங் வேண்டாம். சட்டம் படிக்கவேண்டும். அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். நான் ஒன்றாம் வகுப்பு போன நாளிலேயே அங்கிருக்கும் டீச்சர் நாற்காலியை எனக்கென்று மனதில் ஒதுக்கிவிட்டார். வேண்டாம் என்றால் திட்டமாட்டார், பேசுவதை நிறுத்திவிடுவார். அதுதான் பயம்.

ஆனால் சிங்கப்பூரில் சொன்னால் சின்னமனூரில் யாருக்குத் தெரியப்போகிறது? பாரமும் இறங்கும், அம்மாவுக்கும் தெரியாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மே 3

வணக்கம் இல்லாமல் தொடங்க வரவில்லை. வாய் தானாகப் 'பெருமதிப்பிற்குரிய' என்கிறது. அடக்கப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே ரத்தம்.

மே 7

நாளை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பிரௌசிங் சென்டர் இருக்கும் கடைத்தெருவுக்குக் கரண்ட் கட். அழுதுகொண்டு போய் நின்றேன். "ஜெனரேட்டரு எதுக்குத்தா வச்சிருக்கோம்?" என்றார் அப்பா. சாப்பிடவில்லை, பசிக்கவும் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மே 8, சனி

ஐயோ. ஐயோ. எப்படி எழுதுவேன்!

அப்பா மைக், ஆம்ப்ளிஃபயர், ஜெனரேட்டர் எல்லாம் கொண்டுவந்து பிரௌசிங் சென்டரில் மாட்டினார். நான் கதவைச் சாத்திக்கொண்டு காதில் ஹெட்போன் போட்டேன். திரையில் மூன்று நடுவர்கள். வணக்கம் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில், "எனக்கு டீச்சர் வேலை வேண்டாம், நான் வக்கீலாக வேண்டும். இது என் அம்மாவுக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தேன்.

உத்தமபாளையம் கோர்ட்டைப் பற்றிச் சொன்னேன். அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா பிறந்த வீட்டுத் திராட்சைத் தோட்டத்துப் பாதையை அடைத்துவிட்ட வழக்கு. அம்மா சொல்ல நினைத்த எதையும் வக்கீல் சொல்லவில்லை, வாய்தா மட்டும் வாங்கினார். திரும்பும்போது பஸ் ஜன்னலைப் பார்த்து அம்மா அத்தனையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். அதைக் கோர்ட்டில் சொல்ல ஓர் ஆள் இல்லையே, நான் அந்த ஆளாக வேண்டும் என்று முடித்தேன். அருமையாக வந்தது!

ஹெட்போனைக் கழற்றினால் தெருவில் ஒரே கைதட்டல். கதவைத் திறந்தேன். மாடியில் அப்பாவின் குழாய் ஸ்பீக்கர் இரண்டு, கடைத்தெருவைப் பார்த்து. மைக் மாட்டினால் குழாயும் மாட்டிவிடுவது அப்பாவின் கைப்பழக்கம். கீழே முருங்கைக்காய்க் கட்டோடு அம்மா.

மே 9

அம்மா பேசவில்லை. சாப்பாடு மட்டும் தட்டில் வந்து விழுகிறது.

அப்பாவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். தெரியாம மாட்டுன சரிப்பா, காதுல விழுந்ததும் அமத்த வேண்டியதுதான, நீ என்ன செவிடா?

"பேசுறவுக மைக்க நான் அமத்துனதே இல்லத்தா. யாரு பேசினாலும் சரி. அது தொழிலுக்குத் துரோகம்" என்றார்.



மே 11

நான்காம் இடம். டிபன் பாக்ஸ்கூடக் கிடையாது. துக்கமே வரவில்லை, ஏனென்றால் இன்று மாவு ஆட்டிக்கொண்டே அம்மா வாயைத் திறந்துவிட்டார்.

"அன்னிக்குப் பஸ்ல நான் பேசுனதயெல்லாம் கேட்டுக்கிட்டா வந்த? தூங்குறன்னுல்ல நெனச்சேன்."

வேறொன்றும் கேட்கவில்லை. நான் போய் முதுகைக் கட்டிக்கொண்டேன். ஆட்டுக்கல்லில் விழப்போகிறாய் என்று தள்ளிவிட்டார்.

மே 14

1041! கடைக்காரர் எல்லோரும் "வக்கீலம்மா, எத்தன மார்க்கு?" என்கிறார்கள். இந்த ஊரில் இனி நான் வேறு எதுவும் ஆக முடியாது.

மே 31

மதுரை சட்டக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கினோம், அம்மாவும் நானும். பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தில் அங்கேயே நின்று வியாகுலமேரி என்று எழுதினார்.

ஆரப்பாளையத்தில் பஸ் கிளம்பியதும் என் பையிலிருந்த நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். "கேசு முடிஞ்சு பாதையும் போயிருச்சு, தெரியும். இருந்தாலும் மொதல்ல இருந்து சொல்றேன், எழுதிக்க."

ஆண்டிபட்டி வரும்வரை நான் எழுதிக்கொண்டே வந்தேன்.