நாம் அளந்த சுவர்

இன்று காலை கூரியர்காரர் ஒரு தடித்த உறையைக் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிரித்ததும் அச்சு மை வாசனை. நம் புத்தகம்தான். மறுபதிப்புக்கு மெய்ப்புத் தாள்கள் வந்திருக்கின்றன. அட்டையில் உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து, அன்று போலவே. 'எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதும், திங்கட்கிழமைக்குள் அனுப்புங்கள்' என்று பதிப்பாளர் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறார். எழுத்துப் பிழையாம். நான் நேரே நான்காம் அத்தியாயத்தைப் புரட்டினேன். அந்த வரி அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெண்ணுக்கு ஆதார் அட்டையின் முன்பக்கத்தையே இரண்டு தடவை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

நீ இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த வரியைப் பற்றிப் பேசுவதை நாம் நிறுத்தி அதற்கும் மேலே நாலு வருடம்.

நீ முதன்முதலாக இந்தக் கடைக்கு வந்தது நினைவிருக்கிறது. தொழிற்சாலைக் குடியிருப்பு வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளிடம் ரேஷன் அட்டையும் மாற்றுச் சான்றிதழும்தான் வரும். நீ நூலகத்திலிருந்து எடுத்த தலையணை கனத்துப் புத்தகம் ஒன்றை நீட்டினாய். குடிநீரைப் பற்றியது. "கடைசி எட்டுப் பக்கம் மட்டும் போதும்" என்றாய். பார்த்தால், எழுதியவர் எங்கெங்கிருந்து தகவல் எடுத்தார் என்கிற பட்டியல் அது. "இன்னாம்மா, மாட்ட உட்டுட்டு வால மட்டும் புடிச்சிகினு போற" என்றேன். நீ சிரிக்கக்கூட இல்லை. "வாலுல ஒட்டியிருக்க முள்ளப் பாத்தாத்தான் மாடு எங்க மேஞ்சுட்டு வருதுன்னு தெரியும்" என்றாய்.

சமூகம், அரசியல், உடம்பு, சுற்றுச்சூழல் என்று நீ படித்ததெல்லாம் அந்த வகைப் புத்தகங்கள்தான். கதைப் புத்தகம் கொடுத்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைப் பாதி மூடிக்கொண்டு இரண்டு பேரும் உட்காருவோம். நீ கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்கு வருவாய். ஆதாரம் இல்லாமல் எதையாவது எழுதியிருந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாய். நூலகப் புத்தகமானால் திருப்பிக் கொடுக்குமுன் அழித்துவிடுவாய். "யாரு சொன்னா?" இதுதான் உன் கேள்வி. அரிசிச் சோறுதான் எல்லா நோய்க்கும் மூலம் என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு ஒரு வாரம் சோறு தின்னாமல் கிடந்தேனே, ஞாபகமா? நீ அந்த அத்தியாயத்தை வாங்கிப் பார்த்தாய். பக்கமெல்லாம் புள்ளி. "ஏட்டி, இது அவரே அவருகிட்டக் கேட்டு அவரே எழுதிக்கிட்டது. போய்ச் சோத்தத் தின்னு" என்றாய். அன்று தின்றதுபோல் நான் என்றைக்கும் தின்றதில்லை.

புத்தகம் எழுதலாம் என்று ஆரம்பித்தது நான்தான். படிக்கிற புத்தகத்திலெல்லாம் யாரோ ஊர் ஆறு, யாரோ ஊர் காடு. எங்கள் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றியிருக்கிற கிணறுகளைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதவில்லை என்று புலம்பினேன். "அப்ப நாம அளப்போம்" என்றாய். அளப்பது உனக்குக் கைவந்த வேலை. தொழிற்சாலையில் சீருடைகளைச் சோதிக்கிற பிரிவில் இருபது வருடம் இருந்தவள் நீ. சட்டைக் கையில் கால் அங்குலம் குறைந்தாலும் கட்டோடு திருப்பி அனுப்புவாயாம். எனக்கு அந்தத் தெருக்களில் பாதி வீடு சொந்தம், மீதி வீடு பழக்கம். நான் கதவைத் தட்டுவேன், நீ அளப்பாய். மாதத்தின் முதல் ஞாயிறு, பதின்மூன்று கிணறு, ஒரு வருடம் முழுக்க. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுச் சுவரின் மேலிருந்து விடுவாய். கல் தண்ணீரைத் தொட்டதும் சுவர் விளிம்பில் கயிற்றைப் பிடித்து, வெளியே இழுத்து, டேப்பை வைத்து அளப்பாய். மழை தூறினாலும் அரை அங்குலம் விடமாட்டாய்.

அந்த வைகாசியில் என் சித்தப்பா வீட்டுக் கிணற்றில் ஒரே மாதத்தில் இரண்டடி இறங்கியிருந்தது. மற்ற கிணறுகளில் அவ்வளவு இல்லை. பக்கத்து வீட்டுக் கஜா அண்ணன் அதே மாதம்தான் ஆழ்துளைக் கிணறு போட்டு, லாரிகளுக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்திருந்தார். நமக்கு வேறென்ன வேண்டும்? 'பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு லாரியில் தண்ணீர் ஏற்றத் தொடங்கிய ஒரே மாதத்தில் இந்தக் கிணறு இரண்டடி இறங்கியது' என்று எழுதினோம். பெயர் போடவில்லை. நாகரிகமாக எழுதிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

குமணன்சாவடியில் ஒரு சின்ன அச்சகத்தில் அடித்தோம். புத்தகம் வந்த வருடம் ஆடி மாதம், எங்கள் அம்மன் கோயில் கூட்டத்தில் ஒருவர் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். கூழ் காய்ச்சத் தண்ணீர் கஜா அண்ணன் வீட்டிலிருந்து போவதுதான் அவர் அப்பா காலத்திலிருந்து வழக்கம். "தண்ணி வித்தவன் ஊட்டுத் தண்ணி ஆத்தாளுக்கு வாணாம்" என்று முடிவாயிற்று. அந்த வருடம் கேன் தண்ணீரில் கூழ் காய்ச்சினார்கள். அதுவும் யாரோ ஒருவர் விற்ற தண்ணீர்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. கஜா அண்ணன் கோயில் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். அடுத்த கோடையில் லாரியையும் நிறுத்தினார். நம் புத்தகம் வேலை செய்கிறது என்று உன்னிடம் வந்து சொன்னவள் நான்தான்.

ஐப்பசி மழையில் நீ சும்மா ஒரு தடவை பார்த்துவரலாமென்று சித்தப்பா வீட்டுக்குப் போனாய். திரும்பிக் கடைக்கு வந்தபோது உன் முகம் சரியில்லை. மழையில் கிணற்றுச் சுவரின் சுண்ணாம்பு கரைந்து, உள்ளே பழைய செங்கல்லும் மேலே புதுச் செங்கல்லும் தனித்தனியாகத் தெரிந்திருக்கிறது. புதுசு சரியாக இரண்டடி. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்களென்று சித்தப்பா சுவரை உயர்த்தியிருந்தார். "தண்ணி இறங்கலட்டி. சுவரு ஏறியிருக்கு" என்றாய்.

சுவரை உயர்த்தியது எனக்குத் தெரியும். கொத்தனாருக்கு நானே டீ கொடுத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு நீ கயிறு விட்டபோது உன் கண் டேப்பில் இருந்தது, என் வாய் சித்தியிடம் இருந்தது. அளவையும் சுவரையும் சேர்த்துப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வெளியூர்க்காரி உனக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நான் என்ன சொன்னேன்? "லாரி வந்துச்சா இல்லையா? அவரு ஒண்ணும் சாமியாரு இல்ல" என்றேன். நீ, "லாரி நெசம். ரெண்டடி பொய்" என்றாய். புத்தகம் வாங்கியவர்களைத் தேடிப்போய்க் கையால் திருத்த வேண்டும், கஜா அண்ணனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றாய். ஒரு வரி தப்பு என்று நாமே சொன்னால் மொத்தப் புத்தகத்தையும் குப்பையில் போடுவார்கள் என்று நான் கத்தினேன். "நீ ரிட்டையர் ஆனா உன் ஊருக்கு ரயிலேறிடுவ. நான் இந்தத் தெருவுலதான் கீறேன்" என்றும் சொன்னேன். அது தப்பான பேச்சு. சொன்னபோதே தெரிந்தது. நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்தாய். "புத்தகத்த நான் திருத்துதேன். அவருகிட்ட நீதான் சொல்லணும். உன் ஊரு" என்றாய்.

வேப்பம்பட்டுவரை ரயிலேறிப் போய் ஒவ்வொரு வீடாகத் திருத்தினாயாம். யார் யாரோ வந்து என்னிடம் சொன்னார்கள். நான் கஜா அண்ணன் வீட்டைத் தாண்டுகிறபோதெல்லாம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. தினமும் ரசம் வைத்துக் கொண்டுவந்தேன். எல்லாவற்றையும் பேசினோம், அதைத் தவிர. ஒரே ஒரு நாள், "ஆடிக் கூழுக்கு இப்பம் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டாய். "கேன்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அப்போதாவது போயிருக்கலாம்.

இன்று சாயங்காலம் போனேன். கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, அந்தப் பக்கத்தையும் நான் எழுதிய திருத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். கஜா அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலில் வீக்கம்.

"இன்னாம்மா, வழி தவறி வந்துட்டியா?" என்றார்.

உட்கார்ந்து அந்த வரியைப் படித்தேன். "இந்த ரெண்டடி தப்புண்ணா. சித்தப்பா சொவத்த ஒசத்துனாரு. நாங்க சொவத்தையும் சேத்து அளந்துட்டோம்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்டிண்ணா?"

"அந்தச் சொவத்துக்குச் செங்கல்லு குடுத்ததே நான்தான். தொட்டி கட்னது போக மிச்சம் கெடந்துச்சு. நீயும் அந்தம்மாவும் டேப்பு புடிச்சிகினு நின்னத மாடிலேருந்து பாத்துகினுதான் இருந்தேன். புக்குல படிச்சப்பவே புரிஞ்சிடுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணா."

"கேட்டீங்களா? பதிமூணு கெணத்துல கயிறு உட்டீங்க. எல்லா ஊட்லயும் டீ குடிச்சீங்க. என் ஊட்டுப் படி மட்டும் ஏறல. நானா வந்து சொன்னா, தண்ணி வித்தவன் கதை உடறான்னுவாங்க."

எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் யார் சொன்னது என்று கேட்டவர்கள் நாம். யாரைப் பற்றி எழுதினோமோ அவரை நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

திருத்தத்தைப் படித்துக் காட்டினேன். சுவரைச் சேர்த்து அளந்தது எங்கள் தவறு, அந்தக் கிணறு இறங்கியதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தேன்.

"லாரி எங்க?" என்றார்.

"எடுத்துட்டேண்ணா."

"ஏன் எடுத்த? ரெண்டு கோடை லாரி வந்துச்சு. அத எடுத்துட்டு இத மட்டும் போட்டா, நான் சொல்லி நீ எழுதுனன்னுவாங்க. ரெண்டையும் போடு."

சரியென்று அங்கேயே உட்கார்ந்து எழுதிச் சேர்த்தேன். அண்ணி டீ கொண்டுவந்து வைத்தார். பேர் போடட்டுமா என்று கேட்டேன்.

"போடு. அப்ப பேரு போடாமயே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுதுல்ல" என்றார்.

போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை மெய்ப்பு போய்விடும். வரப்போகிற ஆடியில் தண்ணீர் எந்த வீட்டிலிருந்து போகும் என்பது எனக்குத் தெரியாது. கோயில் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை எழுந்து நின்று படிப்பேன். அதுவரைக்கும்தான் என் கையில் இருக்கிறது.

உன்னிடமிருந்து எனக்கு வந்த பழக்கம் எதுவும் போகவில்லை. இப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன், ஓரத்தில் புள்ளி வைக்கிறேன். ஆனால் கூடவே இருப்பது வேறொன்று. அன்றைக்கு நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, "இரு, நானும் வரேன்" என்று நான் சொல்லியிருந்தால், உனக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பார் அவர். எனக்குச் சொன்னதை உன் முகத்தைப் பார்த்தும் சொல்லியிருப்பார். நீ தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பாய், அப்புறம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். அந்தத் தூக்கத்தை நான் உனக்குக் கொடுக்கவில்லை.