பேர் கேட்கவில்லை, சம்பளம் கேட்டாய்

நேற்று மத்தியானம் சான்ட்விச்சைக் கடித்தபோது பீட்ரூட் துண்டு ஒன்று நழுவி என் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவியது. எனக்குக் கோபம் வரவில்லை, உன் ஞாபகம்தான் வந்தது. சிட்னிக்கு வந்த புதிதில் இதே சான்ட்விச்சைப் பிரித்துப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "பாணுக்குள்ள கறியை வைக்கவேணுமெண்டு யோசிச்சிருக்கிறாங்கள். காய்ச்சத்தான் மறந்துபோனாங்கள்."

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெரிலேண்ட்ஸில் என் அண்ணாவும் அண்ணியும் இருந்த வாடகை வீட்டின் பின்னறையில் தோழிகளான நாம் இருவரும் தங்கிப் படித்தோம். நீ கொழும்பில் படித்தவள், ஆங்கிலம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வந்த எனக்கு இந்நாட்டவர் பேசுவது பாதி விளங்காது, மீதியை ஊகித்துக்கொள்வேன். நீ கணக்கியல் படித்தாய். வீட்டார் திணித்த படிப்பென்று எல்லோரும் உனக்காக இரங்கினார்கள். நீயோ, "ஐந்தொகைக் கணக்கு ரெண்டு பக்கமும் சமப்படேக்க வாற சந்தோசம் உங்களுக்கு விளங்காது" என்று சிரிப்பாய்.

சிக்கல் எனக்குத்தான். விஞ்ஞானத்தில் முதலாம் ஆண்டு முடிகிறது, முதன்மைப் பாடம் எதுவென்று முடிவு செய்ய வேண்டும். இரசாயனம் என்றால் எங்காவது ஓர் ஆய்வுகூடத்தில் வேலை நிச்சயம் என்பது அண்ணாவின் கட்சி. எனக்கோ கல்லும் மண்ணும் பற்றிய புவிச்சரிதவியலில் பித்துப் பிடித்திருந்தது. கடலோரப் பாறைகளைக் காட்டப் பேராசிரியர் எங்களை அழைத்துப்போன நாளிலிருந்து வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. ஆனால் பெண்ணுக்கு அதில் யார் வேலை தருவார்கள்? அழுதுகொண்டு படுத்திருந்தேன்.

"இதுக்கேன் அழுறாய்? நாலு பேரிட்ட விசாரிச்சால் தெரியுது" என்றாய் நீ.

விசாரிப்பதென்றால் நம்மூர் முறைப்படிதான். மத்தியான வேளையில் ஹைட் பார்க் வாங்கில்களில் அமர்ந்து சாப்பிடுகிற மனிதர்களிடம் நேரே போய், என்ன படித்தீர்கள், இப்போது என்ன வேலை, சம்பளம் எவ்வளவு என்று கேட்டாய். யாழ்ப்பாணத்துப் பஸ்ஸில் இதைக் கேட்காவிட்டால்தான் குறை நினைப்பார்கள். இங்கே ஒருவருக்குத் தேநீர் புரைக்கேறியது. இன்னொருவர் சம்பளத்தோடு வீட்டுக்கடனையும் மாமியாரின் குணத்தையும் சேர்த்துச் சொன்னாராம். தாவரவியல் படித்தவர் வங்கியில் இருந்தார், இலத்தீன் படித்த பெண் ரயில்வேயில் இருந்தாள். நான் வெட்கத்தில் மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

கடைசியில் அவர் வந்தார். வெயிலில் வெந்த கழுத்து, கையில் சுருட்டிய நிலவரைபடம். சுரங்கக் கம்பனிக்காரர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நீ அவரோடு நெடுநேரம் பேசினாய். அவர் சிரித்தார், தலையை இடமும் வலமும் ஆட்டினார். நீ ஓடி வந்தாய்.

"வருங்காலத்தில பொம்பிளையளுக்கு நிறைய வேலை வருமாம்!"

"தலையை ஆட்டினாரேயடி?"

"எங்கட ஆக்கள் ஓமெண்டு ஆட்டுறேல்லையே? அப்பிடித்தான்."

நம்பினேன். அன்றிரவுச் சாப்பாட்டில் அண்ணாவுக்கும் அதையே அடித்துச் சொன்னாய். அண்ணா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

"ஆரவர்? பேரென்ன?"

"பேர் கேக்கேல்லை அண்ணா. சம்பளம் மட்டும் கேட்டனான்."

அண்ணி முதலில் சிரித்தாள். அண்ணாவால் அதற்குமேல் முகத்தை இறுக்கமாக வைத்திருக்க முடியவில்லை. "கல்லெண்டால் கல்லைப் படி. பிறகு வேலையில்லையெண்டு என்னட்ட வந்து நிக்கக்கூடாது" என்றார்.

பட்டம் வாங்கிய பின்பு வேலை தேடி அலைந்த அலைச்சல் உனக்குத் தெரியும். பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்குவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் நான் அசையாமல் அடுத்த விண்ணப்பம் எழுதினேன். துறைக்குள் இருக்கிற மனிதர் வருமென்று சொல்லியிருக்கிறார், வந்தே தீரும் என்பது என் எண்ணம். பாலங்கள் கட்டுமுன் நிலத்தின் உறுதியைச் சோதிக்கிற அரசாங்க அலுவலகம் ஒன்று கடைசியில் என்னை எடுத்தது. ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தேன், ஒரு திங்கட்கிழமையும் எனக்குக் கசந்ததில்லை.

ஓய்வுபெற்ற அன்று பென்டில் ஹில்லில் உன் வீட்டில் விருந்து. நண்டுக் கால் ஒன்றை உடைத்துக்கொண்டே, வானிலை சொல்வதுபோலச் சொன்னாய்: "அண்டைக்கு பார்க்கில கண்ட அந்தாள் இல்லையெண்டுதான் சொன்னவன். தன்ர ஆயுளுக்க ஒரு பொம்பிளையையும் எடுக்கமாட்டாங்களாம்."

பிடித்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். "பிறகேனடி எனக்கு அப்பிடிச் சொன்னனீ?"

"அவன் தன்ர ஆயுளைத்தானே சொன்னவன். உன்ர ஆயுளைப் பற்றி அவனுக்கென்ன தெரியும்?"

அன்று உன்னை ஏசினேன், பிறகு வயிறு நோகச் சிரித்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் மறுப்போடு ஒடிந்து போயிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உன்னளவு துணிச்சலாக எனக்காகப் பொய் சொல்ல இனி ஒருவரும் இல்லையென்று நினைத்தால் துக்கமாகத்தான் இருக்கிறது.

போன கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். தாய் பல்வைத்தியம் படிக்கச் சொல்கிறாளாம், இவளுக்குக் கடற்பாசி பற்றிப் படிக்க ஆசையாம். "அதில வேலை கிடைக்குமா அன்ரி?" என்று கலங்கிய கண்ணோடு கேட்டாள். கடற்பாசியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"ஓம் பிள்ளை, நிறையக் கிடைக்கும். நான் விசாரிச்சனான்" என்றேன். அச்சொட்டாக உன் குரல்.